வெறும் நாடா

அக்காவுக்கு அந்த யோசனை தோன்றிய நிமிடத்தில் நான் வாசற்படியில் ஸ்கூட்டி சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றிருந்தேன். அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நடந்தால் கால் வீங்கிவிடும் என்று அம்மா தினமும் மாலையில் அவரை அழைத்துவர என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். “இதோ வந்துட்டேன் பாப்பா” என்பார் அக்கா. வரமாட்டார். (கல்லூரி முடித்த பிறகும் வீட்டில் என் பெயர் பாப்பாதான்.)

நான் நின்றது பள்ளிக்கூடத்தின் சாமான் அறை வாசலில். உள்ளே பழைய பாடப்புத்தகக் கட்டுகள், பிள்ளைகளுக்குக் கொடுக்க வந்து அளவு சேராமல் மீந்துபோன செருப்பு மூட்டைகள், கால் உடைந்த ஒரு பெஞ்சு, கம்பி போட்ட ஒரே ஜன்னல். வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க முடியாமல் திணறும் பிள்ளைகளைக் கடைசிப் பாடவேளையில் அங்கே அழைத்துவந்து அக்கா படிக்கக் கற்றுக்கொடுத்தார். அன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் மோகனா. ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு முன்னால் இரண்டே வரிகள்.

மழை வந்தது. குளம் நிறைந்தது.
தவளை கத்தியது. மீன் துள்ளியது.

மோகனா விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, உரக்கப் படித்தாள். “மழை வந்தது. குளம் நிறைந்தது. துள்ளியது மீன். கத்தியது தவளை.”

“கரெக்டாத்தானே படிக்கிறா, கிளம்புக்கா” என்றேன் நான்.

“இரு. இன்னொரு தரம் படிம்மா” என்றார் அக்கா.

மறுபடியும் துள்ளியது மீன், கத்தியது தவளை. இந்தத் தடவை அக்கா பிள்ளையின் வாயைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரியின் கடைசிச் சொல்லில் விரல் நின்றது. நின்ற இடத்திலிருந்து அப்படியே நேராகக் கீழே இறங்கியது. இரண்டாவது வரியை வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கிப் பொறுக்கிக்கொண்டு வந்தது.

“அந்தப் பக்கத்துலேர்ந்து ஏம்மா வர்ற?”

மோகனா அக்காவை விநோதமாகப் பார்த்தாள். “நாடா அப்டித்தான டீச்சர் திரும்பும்? போன பக்கத்துலேர்ந்துதான் வரும்?”

நெசவாளர் வீட்டுப் பிள்ளை அவள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த வரிசை அதுதான். தறியில் ஊடை நூலைச் சுமந்த நாடா இடமிருந்து வலம் ஓடும், வலமிருந்து இடம் திரும்பும், துணி வளரும். படிப்பும் அப்படித்தான் வளரும் என்று நினைத்துவிட்டாள். தமிழும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை! சொற்களை எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஓரளவுக்கு அர்த்தம் கொடுத்துவிடுகிற இளகிய மனசு நம் மொழிக்கு. சின்ன வரிகளில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரிய பாடங்கள் வந்து வாக்கியம் உளறத் தொடங்கியபோது ‘மக்கு’ என்று சொல்லிக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல மேலே ஏறியது. “கேளு மோகனா. நாடா நூலோட திரும்பும். கண்ணு நூலில்லாம திரும்பணும். வெறும் நாடாவா இந்தப் பக்கம் ஓடி வந்துட்டு, அப்புறந்தான் கீழ் வரி. புரியுதா? வெறும் நாடா.”

அந்த இரண்டு சொற்களை அக்கா வாயிலிருந்து கேட்டதும் என் கையில் சுழன்றுகொண்டிருந்த சாவி நின்றுவிட்டது. ஏன் என்று சொல்வதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அக்காவின் பெயர் இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கிறது. உள்ளே அக்கா என்றே எழுதுகிறேன். வீட்டில் ‘அக்கா வந்துச்சி, அக்கா சாப்ட்டுச்சி’ என்பதுதான் எங்கள் பேச்சு. ‘வந்தார், சாப்பிட்டார்’ என்று எழுதும்போது யாரோ டீச்சர் வீட்டுக்குள் வருவதுபோல இருக்கிறது. அவர் டீச்சர்தானே, இருக்கட்டும்.

அக்கா வாலாஜாபாத்தில், அம்மாவின் தாய்வீட்டில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் இங்கே காஞ்சிபுரத்தில், கூடம் முழுவதையும் தறி எடுத்துக்கொண்ட இதே வீட்டில். நாங்கள் இரண்டு பேரும் தறிக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்த சந்தில்தான் பாய் போட்டுப் படித்தோம். அக்கா ஏனாத்தூருக்கு பஸ்ஸில் போய் வந்து பட்டம் வாங்கினார், பி.எட். முடித்தார். பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்த இடத்தில், அவருக்கு வேலை கிடைத்தது. பெட்டிகூடக் கட்டிவிட்டார்.

அந்த வாரம் பார்த்து அப்பாவோடு கரை போட உட்காரும் ஆள் நின்றுவிட்டார். எங்கள் ஊர் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலையும் கரையையும் ஒவ்வோர் இழையிலும் பூட்டிக் கோர்க்க வேண்டும். ஒருவரால் நெய்ய முடியாது. நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைநாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். பாவு ஏற்றிய சேலை பாதியில் நின்றது. “இது முடியற வரைக்கும்தாம்பா” என்று சொல்லி அக்கா போய் உட்கார்ந்தார். அது முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. பெட்டியில் கட்டிய துணிகளை அம்மாதான் சத்தமில்லாமல் எடுத்து அலமாரியில் வைத்தார்.

ஒரு வருடம் கழித்து வேறு ஆள் கிடைத்தபோது பெங்களூர் வேலை போய்விட்டது. அக்கா இங்கே உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் அமர்த்திய தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தார். நிச்சயமாகியிருந்த கல்யாணமும் சிறுநீரகக் கோளாறு தெரிந்ததும் நின்றது. அந்தச் சமயம் ஒரு வளைகாப்பு வீட்டில் எங்கள் பெரியம்மா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: “இவளா? காலையில போறா, சாயந்திரம் வர்றா. வெறும் நாடா மாரி போயிக்கினும் வந்துக்கினும் இருக்கா. ஒரு முழம் நெய்ஞ்ச பாடில்ல.”

நாடாவுக்குள் இருக்கும் நூல் தீர்ந்தது தெரியாமல் வீசிக்கொண்டே இருந்தால் சத்தம் மட்டும் வரும், துணி வளராது. அதுதான் வெறும் நாடா. நெசவாளர் கூட்டத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

(பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதுடி. சொன்னவதானே நானு. நீ எழுதலன்னாலும் எனக்கு மறக்கப் போவுதா?” என்றார்.)

அந்தச் சொல்லைத்தான் அக்கா அன்று சாமான் அறையில் எடுத்து மோகனாவின் கையில் கொடுத்தார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது என் தோளைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே வந்தார். “தப்பத் திருத்தக் கூடாது பாப்பா. தப்பு எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும். அவ தப்பாப் படிக்கல. நெய்யிறா!”

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? நான் உடனே வேலையில் இறங்கிவிட்டேன். அப்பா கழித்துப் போட்ட டிசைன் அட்டை ஒன்றை எடுத்து, ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நடுவில் வெட்டினேன். புத்தகத்தின் மேல் வைத்தால் மற்ற வரிகள் மறைந்துவிடும், விரல் தவறாக இறங்க இடமே இல்லை. மோகனா அதை வைத்துக்கொண்டு மளமளவென்று படித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது அட்டை வெட்டட்டுமா என்று கேட்டேன். அக்கா அட்டையின் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

“வரிய ஜெயில்ல போட்டுட்ட. அட்டைய எடுத்துட்டா அவ எங்க போவா?”

அட்டைக்குப் பதில் அவர் செய்தது இவ்வளவுதான். பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புப் பட்டிழையை ஒட்டினார். “இது கரை. கண்ணு இங்க வந்து தொட்டுட்டுத்தான் கீழ எறங்கணும்.” சில வாரம் கழித்து இழையை எடுத்துவிட்டு அதே இடத்தில் பென்சில் கோடு. பிறகு கோடும் இல்லை.

இன்னொரு சிக்கலும் மோகனாவுக்கு இருந்தது. கொ, கோ, மோ, தோ என்று இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்துகளைக் கண்டால் மிரண்டு, நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வாள். தன் பெயரையே ‘மகனா’ என்றுதான் எழுதுவாள். வகுப்பில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. “ஏய், மகனா மகளா?” என்று பையன்கள் வராந்தாவில் ஓடிக்கொண்டே கத்துவார்கள். அக்கா அவளிடம் சொன்னார்: “சேலைக்கு எத்தன பக்கம் கரை?” “ரெண்டு பக்கம்.” “அப்ப இதுக்கும் ரெண்டு பக்கம் கரை. நடுவுல இருக்கறது உடல். ம உடலு. கரை ரெண்டும் சேர்ந்தா என்னா சத்தம் வருது?” மோகனா உதட்டைக் குவித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். ஒற்றைக் கரையை மட்டும் போட்டு ‘மேகனா’ என்று கொஞ்ச நாள் எழுதினாள். அக்கா அதற்கும் கைதட்டினார்.

மோகனாவின் மேல் மட்டும் ஏன் அவ்வளவு பாடு என்று நான் ஒருநாள் கேட்டேன். அதற்கு அவள் அம்மாவே வந்து பதில் சொல்லிவிட்டுப் போனார். பட்டு இழைக்கும் வேலை அவருக்கு. சாமான் அறை வாசலில் நின்று, உள்ளே வராமலே பேசினார்.

“டீச்சர், ஆறாவதுக்குப் பெரிய ஸ்கூலுக்குப் போவணும். அங்க யாரு இவளத் தனியா ஒக்கார வெச்சிப் பாப்பாங்க? இவங்கப்பா இப்பவே சொல்றாரு. படிப்பு ஏறாத புள்ள எதுக்கு அவ்ளோ தூரம் போயிக்கினு, கரை போட ஆளு இல்லாம நான் அல்லாடிக்கினு இருக்கேன், வந்து ஒக்காரட்டும்னு. நான் இன்னா சொல்றது?”

அந்த இடம் அக்காவுக்குத் தெரியும். தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் எழுந்திருப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். “முழுப் பரிட்சைக்குள்ள படிச்சிடுவாம்மா” என்றார். அந்த அம்மா போன பிறகு, “சொல்லிட்டேன். இனிமே படிச்சாகணும்” என்று எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் எல்லா வாசல்களும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

முதலில் நிஜமாகவே ஒரு கதவு. ‘மக்கு ரூமு’ என்று மற்ற பிள்ளைகள் எட்டிப்பார்த்துக் கேலி செய்ததால் அக்கா கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டுதான் படிக்க வைப்பார். ஒருநாள் கடைசி மணி அடித்ததும், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் காவலர் வெளியே பூட்டைப் போட்டுவிட்டார். “கதவத் தொறங்க! கதவத் தொறங்க!” என்று பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூவியிருக்கிறார்கள். தெருவில் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்த அறையிலிருந்து எப்போதும் பிள்ளைகள் சேர்ந்து கத்திப் படிக்கிற சத்தம் வரும். அன்றைய பாடம் கதவு என்று நினைத்துக்கொண்டார்கள்! கடைசியில் மோகனாதான் மூட்டையைப் பிரித்து, செருப்புகளை ஒவ்வொன்றாகக் கம்பி வழியே தெருவில் எறிந்திருக்கிறாள். “யார்றா அது அரசாங்கச் செருப்ப வீசறது?” என்று காவலர் ஓடிவந்தார். நான் அப்போதுதான் வண்டியை நிறுத்தினேன். வேர்த்து நனைந்து, வெளிறிப்போய் வெளியே வந்த அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கத்திப் படிச்சா யாரும் வரல பாப்பா. செருப்பு பறந்தாத்தான் வர்றாங்க.”

அதற்கப்புறம் அவர் அந்தக் கதவைச் சாத்தவே இல்லை. கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்து ஆஸ்பத்திரி. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு வாரத்தில் பாதி நாளைக் கழிக்க வேண்டியதாயிற்று. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. “பாவு கட்ற மாதிரி கட்டி வெச்சிட்டாங்க” என்பார். பள்ளிக்கூடத்தில் வேறொருவரை அமர்த்தவும் வழியில்லை, இவரை வரச்சொல்லவும் மனசில்லை. கடைசிப் பாடவேளை நின்றது. தன் அம்மாவின் கைப்பேசியிலிருந்து மோகனா கூப்பிடுவாள். அக்கா அசைக்க முடிகிற கையால் பேசியைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். அந்தப் பக்கம் பிள்ளை படிக்கும், இந்தப் பக்கம் இயந்திரம் கூவும். “டீச்சர், அது இன்னா சத்தம்?” “அதுவும் என்ன மாதிரி ஒரு டீச்சர்தான். தப்பு வந்தா கத்தும். நீ படி.”

பிறகு கண். விழித்திரையில் ரத்தம் கசிந்து, எழுத்துகளெல்லாம் அவருக்கு ஈரத்தில் ஊறியதுபோல் கலைந்துபோயின. பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவருக்குப் படிக்க முடியாமல் போயிற்று. நான் செய்தித்தாளை வாசித்துக் காட்டினால் பாதியில் நிறுத்தச் சொல்லிவிடுவார். “நீ ரொம்ப வேகம். எனக்கு வரி தெரியல.” கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும். தறிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவருடைய கட்டில். அந்த ஜன்னலுக்கு எதிரில், குறுகலான தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மாமாவின் நீளமான சுவர். அவருடைய உலகம் அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்கு மூச்சு முட்டும். எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருக்கும். ஓட முடியாதவரை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவும் முடியாது.

மோகனா மாலையில் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். பங்குனி பிறந்தது. முழுப் பரீட்சை வந்துவிட்டது. ஒருநாள் அவளை அழைத்துப் போக அவள் அப்பா வந்து வாசலில் நின்றார். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஆள்தான். “படிச்சது போதும், ஏழு மணிக்குப் புதுப் பாவுக்கு நூலு புணைய ஆளு வர்றாங்க, வா” என்றார்.

“ஒரு நிமிசம் அண்ணே” என்றார் அக்கா. “மோகனா, எதிர்ச் சுவத்துல என்னமோ ஒட்டியிருக்காங்களே. எனக்குத் தெரியல. படிச்சிச் சொல்லு.”

தெருக் கோயிலின் பங்குனி உத்திர நோட்டீஸ் அது. சுவரின் அகலத்துக்கு நீள நீளமான வரிகள். மோகனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது: இங்கே விரல் வைக்க முடியாது! சிவப்பு இழை இல்லை, கோடு இல்லை, அட்டை இல்லை. நடுவில் ஒரு தெரு இருக்கிறது. கண் மட்டும்தான் தனியாகப் போய் வர வேண்டும்.

“நிகழும்... பங்குனித் திங்கள்...” என்று ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் படித்தாள். அவள் அப்பா செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் அப்பா தறியை நிறுத்திவிட்டார். வரியின் கடைசிச் சொல் வந்தது. படித்தாள். பிறகு ஒன்றுமே பேசவில்லை.

மறந்துவிட்டாள், நேராகக் கீழே இறங்கப் போகிறாள் என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை அடக்கினார். அவருக்குச் சுவரே தெரியாது. ஆனால் அந்த மௌனம் எதனுடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெறும் நாடா திரும்பிக்கொண்டிருந்தது.

“...வெள்ளிக்கிழமை காலை திருத்தேர் வடம் பிடித்தல்...” என்று அடுத்த வரியின் தொடக்கத்திலிருந்து மோகனா படித்தாள். அந்த வரி முடிந்தது. மறுபடி மௌனம். மறுபடி இடது ஓரம். “பக்த... பக்தகடிகள்...”

“யாரு கடிச்சாங்க?” என்றார் அக்கா.

“அய்ய! கரை இருக்குது டீச்சர். ரெண்டு பக்கமும் இருக்குது. கோ... பக்தகோடிகள்!” உடனே திரும்பி, “கோடின்னா நூறு லட்சந்தானே? அத்தினி பேரு நம்ம தெருவுக்கு வந்தா எங்க டீச்சர் நிப்பாங்க?” என்றாள்.

அக்கா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. வாசலில் நின்ற மோகனாவின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “தேரு வெள்ளிக்கிழமையா? நானு சனிக்கிழமைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார். பிள்ளை படித்தது சரியா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. திரும்பிச் சுவரையும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று மகள் சொன்னால் வெள்ளிக்கிழமைதான் என்று எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, “நீ முடிச்சிட்டு வா. அம்மாவ அனுப்பறேன்” என்று போய்விட்டார்.

மோகனா ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். அதை அக்கா பார்க்கவில்லை. பங்குனித் தேர் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போன சத்தத்தைக் கேட்டார். சித்திரை வெயில் தொடங்கிய வாரத்தில், இயந்திரத்துக்குப் போய்விட்டு வந்து படுத்தவர், மாலையில் எழுந்திருக்கவில்லை. மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடலில் அவரைக் கரைத்துவிட்டு நாங்கள் வெறுங்கையோடு வேனில் ஏறினோம். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை.

இந்த ஒரு வருடமும் எல்லோரும் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: “அக்கா எடத்துல நீ ஒக்காருமா.” அன்பால்தான் சொன்னீர்கள். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் என் பின்னால் யாரோ பூட்டுப் போடுகிற சத்தம் கேட்டது. அக்கா உட்கார்ந்த இடங்களை எனக்குத் தெரியும். கரைநாடா தள்ளிய பலகை, சாமான் அறை, ஆஸ்பத்திரிக் கட்டில், ஜன்னல் ஓரம். அவர் எதையும் கேட்டு வாங்கவில்லை. எழுந்திருக்க விடவில்லை, அதனால் உட்கார்ந்திருந்தார். இருந்தும் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சாமான் அறையில் மேல்கூரை வரைக்கும் மூட்டைகள். தலைமை ஆசிரியை வருத்தத்தோடு, “எடமும் இல்ல, ஆளும் இல்லம்மா. நானே ரெண்டு வகுப்பப் பாக்கறேன்” என்றார். அவர் மேல் தப்பில்லை.

போன மாதம் மோகனா வீட்டுக்கு வந்தாள். கட்டில் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்க்காததுபோல் பார்த்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்றாள். “அக்கா, எங்க கிளாஸ்ல நெறைய பேரு நாடா மாரிதான் படிக்கறாங்க. சாருக்குத் தெரியல. ஒர்த்திக்கு நானே சொல்லிக் குடுத்தேன். ஆனா எங்க ஒக்காந்து சொல்றது? பெல்லு அடிச்சா எல்லாம் ஓடிடுறாங்க.” பேசிக்கொண்டே கம்பியைப் பிடித்து எதிர்ச் சுவரைப் பார்த்தாள். போன வருட நோட்டீஸ் மழையில் கிழிந்து, ‘கோடிகள்’ மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் படித்தாள். நானும் படித்தேன்.

அறை என்று ஒன்று இருந்தால்தானே பூட்டு?

அன்று எனக்குத் தோன்றியதைச் சொல்வதற்கு முன் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த அறையின் சாவியை நம்பிக் கொடுத்த தலைமை ஆசிரியைக்கு. ஊசி குத்தும்போது அக்காவைப் பேச்சில் இழுத்து வலியை மறக்கவைத்த செவிலியர்களுக்கு. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத் தன் ஆட்டோவின் பின் சீட்டில் தலையணை போட்டே வைத்திருந்த ஆட்டோக்கார அண்ணனுக்கு. காயை இரண்டு தண்ணீரில் வேகவைத்து, ருசியே இல்லாத அந்தச் சாப்பாட்டை அக்காவோடு உட்கார்ந்து தானும் சாப்பிட்ட பெரியம்மாவுக்கு. ரத்தம் கொடுத்த தெருப் பையன்களுக்கு. போனுக்கு ரீசார்ஜ் செய்து மகளை அக்காவிடம் படிக்கவிட்ட மோகனாவின் அம்மாவுக்கு. தேர் வெள்ளிக்கிழமை என்று நம்பிய அவள் அப்பாவுக்கு. உங்களால்தான் அக்கா அடைபட்ட இடத்திலும் தனியாக இல்லை.

இனி செய்யப் போவது. எதிர்வீட்டு மாமாவிடம் சுவரைக் கேட்டேன். “கட்சி வெளம்பரம் மட்டும் வேணாம்மா, வெள்ள அடிச்சித் தர்றதுன்னா எடுத்துக்கோ” என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்ணாம்பு அடிக்கிறோம். வாரம் ஒரு தடவை கை அகல எழுத்தில் நான்கு நீள வரிகள் எழுதுவோம், அடுத்த வாரம் அழித்துவிட்டு வேறு. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கரை. தெருவில் போகிற பிள்ளை நின்று படிக்கலாம், தறியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஜன்னல் வழியாகப் படிக்கலாம். மாலையில் நானும் மோகனாவும் நிற்போம். எங்கள் வகுப்புக்கு உள்ளே என்றும் வெளியே என்றும் கிடையாது. பிள்ளைகள் வருவார்களா, ஒரு வாரத்தில் சலித்துவிடுமா, எனக்கே சலித்துவிடுமா, தெரியாது. வெளியூர் வேலைக்கும் எழுதிப்போட்டிருக்கிறேன். கிடைத்தால் போவேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் போனாலும் சுவர் இருக்கும். தெருவுக்கு அடுத்த தெருவிலும் சுவர் இருக்கிறது.

முதல் வாரத்தின் வரிகளை மோகனா எழுதிக்கொடுத்துவிட்டாள். தவளையும் மீனும்தான். கீழே தன் பெயரையும் போட்டிருக்கிறாள். இரண்டு கரையோடு.

மலரை வாங்கிப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வந்தால், ஒரு நிமிடம் நின்று உரக்கப் படித்துவிட்டுப் போங்கள். முதல் வரியின் கடைசியில் நின்றுவிட வேண்டாம். அங்கிருந்தே கீழே இறங்கிவிடவும் வேண்டாம். வெறுங்கையோடு இந்தப் பக்கம் திரும்பி வாருங்கள். சிவப்புக் கரை ஓரத்தில் அடுத்த வரி இருக்கும்.